காருக்கு ஜி.பி.எஸ். கருவி: துல்லியம் கடைசிக் கேள்வி, மேப் முதல் கேள்வி

முன்கண்ணாடியில் ஒட்டி வைத்துக்கொள்ளும் ஜி.பி.எஸ். கருவியை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, "எத்தனை மீட்டர் துல்லியம்?" என்பதுதான். இன்று விற்பனையில் இருக்கும் கருவிகளில் அந்தக் கேள்விக்கு விடை ஏறக்குறைய ஒன்றுதான். திறந்த வானத்தின் கீழ் எந்தச் சாதாரண ரிசீவரும் சில மீட்டருக்குள் இடத்தைக் கண்டுபிடித்துவிடும். கருவிக்குக் கருவி வேறுபாடு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. உள்ளே இருக்கும் மேப் எத்தனை பழையது, எந்த வழியைத் தேர்ந்தெடுக்கிறது, திருப்பத்தை எவ்வளவு முன்னால் சொல்கிறது, உச்சி வெயிலில் திரை தெரிகிறதா என்பவற்றை வைத்துத்தான் வாங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டும்.

ஒரே பெட்டிக்குள் மூன்று தனித்தனி வேலைகள் நடக்கின்றன. ரிசீவர் "இப்போது எங்கே" என்பதைச் சொல்கிறது. மேப் "அங்கே என்ன சாலை" என்பதைச் சொல்கிறது. மென்பொருள் "இனி எப்படிப் போவது" என்பதைக் கணக்கிடுகிறது. கருவி தப்பாக வழிகாட்டினால் இந்த மூன்றில் எது தவறியது என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால், மதிப்பீட்டில் பாதி முடிந்தது.

இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கிறது

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்கள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் ஒரு நாளைக்கு இரண்டு சுற்று சுற்றுகின்றன. ஒவ்வொன்றும் "நான் இன்ன இடத்தில் இருக்கிறேன், இப்போது மணி இது" என்று ஓயாமல் அறிவித்துக்கொண்டே இருக்கிறது. அந்த அறிவிப்பு வந்து சேர எடுத்த நேரத்தை வைத்துக் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ரேடியோ அலை ஒரு மைக்ரோ வினாடியில், அதாவது வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், 300 மீட்டர் போய்விடும். அதாவது கடிகாரத்தில் அந்த அளவு பிசகினாலே அடுத்த தெருவுக்குப் போய்விடுவோம். செயற்கைக்கோளில் இருப்பது அணுக்கடிகாரம், கருவியில் இருப்பது மலிவான கடிகாரம். அதனால்தான் இடத்துக்கு மூன்று செயற்கைக்கோள், கருவியின் கடிகாரப் பிழையைச் சரிக்கட்ட நான்காவது ஒன்று என்று குறைந்தது நான்கு தேவைப்படுகிறது.

கருவி எதையும் திருப்பி அனுப்புவதில்லை. கேட்பது மட்டும்தான் அதன் வேலை. ஆகவே இடம் அறிய இணையமும் வேண்டாம், மாதச் சந்தாவும் வேண்டாம். மேப் முழுவதும் கருவிக்குள்ளேயே இருந்தால் டவர் இல்லாத மலைப்பாதையிலும் வழி சொல்லும். தனிக் கருவி வாங்குவதற்கு இன்றும் இருக்கும் நல்ல காரணம் இதுதான்.

தரைக்கு வந்து சேரும் சிக்னல் நம்ப முடியாத அளவுக்கு மெலிந்தது. ஒரு வாட்டை நூறு கோடி கோடிப் பங்காக்கினால் அதில் ஒன்றிரண்டு பங்குதான் வந்து சேர்கிறது. வெப்பம் தடுக்க உலோகப் பூச்சு பூசிய முன்கண்ணாடி இதை எளிதாக மறித்துவிடும். அப்படிப்பட்ட கார்களில் பின்புறம் பார்க்கும் கண்ணாடிக்கு அருகே பூச்சு இல்லாத சிறு பகுதியைப் பெரும்பாலும் விட்டிருப்பார்கள். கருவி அங்கே வேலை செய்து, கீழ் மூலையில் திணறினால் குற்றம் கருவியுடையது அல்ல. மலிவான சில யூஎஸ்பி சார்ஜர்களும் டாஷ்கேம்களும் கூட மின் இரைச்சல் எழுப்பி சிக்னலைக் கெடுக்கும். சந்தேகம் இருந்தால் அவற்றை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டு சிக்னல் பட்டைகளைப் பாருங்கள்.

பெட்டியின் மேல் குளோனாஸ், கலிலியோ, பெய்டோ என்று எழுதியிருந்தால், ரஷ்யா, ஐரோப்பிய ஒன்றியம், சீனா ஆகியவற்றின் செயற்கைக்கோள்களையும் அது பயன்படுத்தும் என்று பொருள். நெடுஞ்சாலையில் இதனால் பெரிய லாபம் இல்லை. உயரமான கட்டடங்களுக்கு நடுவே வானம் ஒரு பட்டையாகத்தான் தெரியும். அங்கே கண்ணுக்கெட்டிய செயற்கைக்கோள்களின் எண்ணிக்கை கூடுவது நிஜமாகவே உதவும்.

முதல் முறை ஆன் செய்யும்போது

புதுக் கருவியை ஆன் செய்ததும் "சிக்னல் தேடுகிறது" என்று வெகுநேரம் நின்றால் பயப்பட வேண்டாம். ஒவ்வொரு செயற்கைக்கோளும் தன் துல்லியமான பாதை விவரத்தை 30 வினாடிக்கு ஒருமுறை திரும்பத் திரும்பச் சொல்கிறது. எல்லாச் செயற்கைக்கோள்களும் எங்கெங்கே இருக்கும் என்ற பொதுப் பட்டியல் முழுவதும் வந்து சேர 12.5 நிமிடம் ஆகும். பாதை விவரம் சில மணி நேரமே செல்லும், பிறகு பழசாகிவிடும். அதனால் மதிய உணவுக்கு நிறுத்திவிட்டுத் திரும்ப ஆன் செய்தால் சில வினாடியில் இடம் காட்டும் அதே கருவி, மறுநாள் காலையில் அரை நிமிடமோ ஒரு நிமிடமோ எடுக்கும். நெடுந்தொலைவு விமானத்தில் கொண்டுபோய் இறக்கினால் இன்னும் கூடுதலாகும்.

சோதிக்கும் முறை இது: காரைத் திறந்த இடத்தில் நிறுத்தி, ஓட்டாமல் முதல் நாள் 15 நிமிடம் ஆன் செய்து வையுங்கள். ஓடிக்கொண்டே தேடவிட்டால், நடுவில் ஒரு கட்டடமோ பாலமோ மறைக்கும்போது அந்த 30 வினாடி அறிவிப்பில் ஒரு துண்டு விட்டுப்போகும்; மறுபடி அது வரும்வரை காத்திருக்க வேண்டும். மறுநாள் காலை அதே இடத்தில் மீண்டும் பாருங்கள். திறந்த வெளியில் ஒரு நிமிடத்துக்குள் வந்தால் சரி. மூன்று நிமிடம் ஆகியும் வராவிட்டால் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டு காருக்கு வெளியே நில்லுங்கள். வெளியே உடனே பிடித்தால் கண்ணாடியில் சிக்கல். வெளியேயும் பிடிக்காவிட்டால் கருவியைத் திருப்பிக் கொடுக்கலாம்.

மேப்

கார் கருவிகளில் வரும் மேப்கள் பெரும்பாலும் ஹியர், டாம்டாம் போன்ற சில நிறுவனங்களிடமிருந்தோ, தன்னார்வலர்கள் 2004 முதல் தொகுத்துவரும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்தோ வருகின்றன. ஒரே நிறுவனத்தின் மேப் ஒரு நாட்டில் அருமையாகவும் இன்னொரு நாட்டில் அரைகுறையாகவும் இருக்கும். ஆகவே வேறு நாட்டவர் எழுதிய விமர்சனத்தில் மேப்பைப் பற்றிச் சொல்லியிருப்பதை நம்பி வாங்கக் கூடாது. திரை, பேட்டரி பற்றி அவர் சொல்வது செல்லுபடியாகும். மேப்பைப் பற்றிச் சொல்வது ஆகாது.

உங்களுக்கு நன்றாகத் தெரிந்த ஊரில் இவற்றைத் தேடிப் பாருங்கள்: கடந்த ஓரிரு ஆண்டில் திறந்த ஒரு புதுச் சாலை அல்லது மேம்பாலம், அண்மையில் ஒருவழிப் பாதையாக மாற்றிய ஒரு தெரு, புதிதாக எழுந்த ஒரு குடியிருப்பு. மூன்றும் இருந்தால் மேப் நல்ல நிலையில் இருக்கிறது. புதுச் சாலை இல்லாவிட்டால் கொஞ்சம் சுற்றிப் போவீர்கள், அவ்வளவுதான். ஒருவழிப் பாதை பழையபடியே இருந்தால் எதிரே வரும் வண்டிகளுக்குள் உங்களை அனுப்பும். மூன்றிலும் பெரிய குறை அதுதான்.

அடுத்தது கதவு எண். பல மேப்களில் ஒவ்வொரு வீட்டின் இடமும் தனித்தனியாகக் கிடையாது. தெருவின் ஒரு முனையில் 1, மறுமுனையில் 99 என்று மட்டும் இருக்கும். நடுவில் உள்ளவற்றைக் கருவி சம அளவில் பங்கிட்டு ஊகிக்கும். 50-ஆம் எண் தெருவின் நடுவில் இருக்கும் என்பது அதன் கணக்கு. எண்கள் ஒழுங்காக ஓடும் தெருவில் இது பலிக்கும். பழைய எண், புதிய எண் என்று கலந்துகிடக்கும் தெருவில் இருநூறு முன்னூறு மீட்டர் தள்ளிக் கொண்டுபோய் நிறுத்தி, "சேருமிடம் வந்துவிட்டது" என்று சொல்லிவிடும். தெரிந்தவர்களின் நாலைந்து முகவரிகளை உள்ளிட்டுப் பார்த்தால் உங்கள் பகுதிக்கான மேப் எந்த ரகம் என்பது புரிந்துவிடும்.

முகவரி கைகொடுக்காத இடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுக்கலாம். கருவி இந்த வசதியைக் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் வைத்திருக்கிறதா என்று பாருங்கள். இதில் எல்லோரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. 12.30 டிகிரி வேறு, 12 டிகிரி 30 நிமிடம் வேறு. பின்னது 12.50 டிகிரி. இரண்டையும் குழப்பினால் அட்சரேகையில் மட்டும் 22 கி.மீ. தள்ளிப் போவீர்கள். எண்களைத் தரும் இடத்தில் எந்த வடிவம் இருக்கிறதோ, கருவியின் அமைப்பிலும் அதே வடிவத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்ள வேண்டும்.

"வாழ்நாள் முழுவதும் இலவச மேப்" என்ற வரியில் வாழ்நாள் என்பது உங்களுடையது அல்ல, கருவியுடையது. அது எப்போது முடிகிறது என்பதைத் தீர்மானிப்பது தயாரிப்பாளர். எந்தெந்த நாடுகளின் மேப் இதில் அடக்கம், ஆண்டுக்கு எத்தனை முறை புதுப்பிப்பு வரும், கருவியை வேறொருவருக்கு விற்றால் உரிமை தொடருமா என்பதை நிபந்தனையில் படித்துவிடுங்கள். இன்னொரு சிக்கல், மேப் ஆண்டுக்காண்டு பெரிதாகும். கருவியின் நினைவகம் பெரிதாகாது. மெமரி கார்டு போட இடமில்லாத கருவியில் சில ஆண்டுகளுக்குப் பிறகு புது மேப் முழுதாகக் கொள்ளாமல், நாட்டின் ஒரு பகுதியை மட்டும் ஏற்ற வேண்டிவரும். கார்டு துளை உள்ள கருவியே புத்திசாலித்தனமான தேர்வு.

திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு முறையாவது முழுப் புதுப்பிப்பைச் செய்து பாருங்கள். பல ஜி.பி. அளவு இறங்கும், கணினி வழியே செய்தால் மணிக்கணக்கில் ஆகலாம். நடுவில் கணினி தூங்கிவிடாதபடி அமைத்துக்கொண்டு, தளர்வில்லாத கேபிளில் செய்யுங்கள். மேப்பை எழுதிக்கொண்டிருக்கும்போது கேபிள் கழன்றால் பழைய மேப்பும் போய், புதியதும் வராமல் நிற்கும் நிலை ஏற்படலாம். நேரடியாக வைஃபையில் புதுப்பிக்கும் கருவி என்றால் சார்ஜரில் செருகிய பிறகே தொடங்க வேண்டும்.

வழி தேர்வதும் வழி சொல்வதும்

கருவிக்குச் சாலை என்பது துண்டு துண்டான கோடுகள். ஒவ்வொரு துண்டுக்கும் அதைக் கடக்க ஆகும் நேரம் ஒரு விலைபோல ஒட்டப்பட்டிருக்கும். மொத்த விலை குறைவான கோர்வையைத் தேடுவதுதான் வழி கணக்கிடுவது. "மிகக் குறைந்த தூரம்" என்று அமைத்தால் அது நேரத்தை மறந்து தூரத்தை மட்டும் பார்க்கும். இரண்டு கார்கள் ஒன்றையொன்று கடக்க முடியாத சந்துக்குள் 400 மீட்டர் மிச்சப்படுத்த உங்களைத் தள்ளும். "விரைவான வழி" என்ற அமைப்பிலேயே விட்டுவிடுங்கள். சுங்கச்சாவடி, படகுத்துறை, மண்சாலை ஆகியவற்றைத் தவிர்க்கும் பொத்தான்கள் தனித்தனியாக இருக்கின்றனவா என்று பாருங்கள். மண்சாலையைத் தவிர்க்கும் அமைப்பு ஆனில் இருப்பது நல்லது.

சோதனைக்கு, கண்ணை மூடிக்கொண்டு ஓட்டக்கூடிய அளவுக்குப் பழகிய மூன்று பாதைகளைக் கொடுங்கள்: ஊருக்குள் ஒன்று, ஊரிலிருந்து நெடுஞ்சாலைக்கு ஒன்று, நெடுந்தூரம் ஒன்று. நீங்கள் போகும் வழியையே காட்ட வேண்டும் என்பதில்லை. காட்டும் வழியில் அபத்தம் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. நெடுஞ்சாலையிலிருந்து இறங்கி, சர்வீஸ் ரோட்டில் ஒரு கி.மீ. ஓடி, மறுபடி நெடுஞ்சாலையில் ஏறச் சொல்வது அபத்தம். கிளம்பும்போது காட்டிய சேரும் நேரத்தைக் குறித்து வைத்து, நிறுத்தாமல் ஓட்டிப் போய் ஒப்பிடுங்கள். எப்போதும் ஒரே பக்கமாக, ஒரே விகிதத்தில் பிசகினால் பழகிக்கொள்ளலாம். ஒரு நாள் முன்னால், ஒரு நாள் பின்னால் என்று பெரிதாக ஊசலாடினால் சாலை வேகம் பற்றிய அதன் தகவல் மோசம்.

பிறகு வேண்டுமென்றே ஒரு திருப்பத்தைத் தவறவிடுங்கள். மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் கார் வினாடிக்கு 17 மீட்டர் ஓடுகிறது. புது வழி கணக்கிட ஆறு வினாடி எடுக்கும் கருவி அதற்குள் 100 மீட்டரைக் கடந்துவிடும். நகரத்தில் அடுத்த திருப்பமும் போயிருக்கும். இரண்டு மூன்று வினாடிக்குள் மாற்று வழி வந்தால் திருப்தி. விட்ட இடத்துக்கே திரும்பச் சொல்லி "யூ டர்ன் எடுங்கள்" என்று விடாப்பிடியாக நச்சரிக்கும் கருவியை அங்கேயே ஒதுக்கிவிடலாம்.

குரலின் நேரமும் முக்கியம். நெடுஞ்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் 300 மீட்டர் என்பது 11 வினாடிதான். லாரிக்குப் பின்னால் தடம் மாற அது போதாது. இறங்கும் வழிக்கு இரண்டு கி.மீ. முன்னால் ஒரு முறை, எண்ணூறு மீட்டர் அளவில் ஒரு முறை, நெருங்கும்போது ஒரு முறை சொல்வது நல்ல கருவி. எந்தத் தடத்தில் இருக்க வேண்டும் என்று அம்புக்குறியாகக் காட்டும் வசதி, சிக்கலான சந்திப்புகளில் குரலைவிடப் பெரிய உதவி. குரலில் இரண்டு வகை உண்டு. பதிவு செய்த குரல் "வலது பக்கம் திரும்பவும்" என்று மட்டும் சொல்லும். எழுத்தைப் படித்துப் பேசும் குரல் சாலையின் பெயரையும் சேர்த்துச் சொல்லும். பெயர் சொல்லும் வகைதான் வேண்டும், உச்சரிப்பு கொஞ்சம் கடித்துக் குதறினாலும்.

நெரிசல் தகவல் கருவிக்குள் தானாக முளைப்பதில்லை. எஃப்.எம். ஒலிபரப்போடு சேர்ந்து வரலாம், புளூடூத்தில் இணைத்த போன் வழியாக வரலாம், கருவிக்குள்ளேயே உள்ள சிம் வழியாகவும் வரலாம். எஃப்.எம். வகையில் சில கருவிகளின் ரிசீவர் சார்ஜர் கேபிளுக்குள்தான் ஒளிந்திருக்கும். கேபிள் தொலைந்து வேறொன்றைச் செருகினால் சார்ஜ் ஆகும், நெரிசல் தகவல் மட்டும் வராது. பலர் கருவி பழுதாகிவிட்டது என்று நினைப்பது இந்தச் சந்தர்ப்பத்தில்தான்.

பிழை எங்கே என்று கண்டுபிடிப்பது

திரையில் கார்க்குறி வெற்று நிலத்தில், சாலையே இல்லாத இடத்தில், ஆனால் வழுக்கிக்கொண்டு சீராக ஓடுகிறதா? ரிசீவர் நன்றாக இருக்கிறது, மேப் பழசு. குறி இங்கும் அங்கும் துள்ளி, பக்கத்துத் தெருவுக்குத் தாவி மறுபடி வருகிறதா? சிக்னல் கட்டடங்களில் பட்டு எதிரொலித்து வருகிறது. நேராக வருவதைவிட அது நீண்ட பாதையில் வருவதால் தூரக் கணக்கு பிசகும். உயரமான கட்டடங்களுக்கு நடுவே மட்டும் இப்படி என்றால் எந்தக் கருவியும் கொஞ்சம் ஆடும். திறந்த சாலையிலும் ஆடினால் கண்ணாடியையும் சார்ஜரையும் சந்தேகியுங்கள்.

மேம்பாலத்தில் போகும்போது கீழ்ச்சாலையில் இருப்பதாக நினைத்துக்கொள்வது மூன்றாம் வகை. கருவி காட்டும் இடம் ரிசீவர் சொன்ன புள்ளி அல்ல; அதற்கு அருகே பொருத்தமாகத் தெரியும் சாலைக்கு இழுத்து ஒட்டிய புள்ளி. ஒன்றன் மேல் ஒன்றாகவோ அருகருகாகவோ ஓடும் இரண்டு சாலைகளில் எதில் ஒட்டுவது என்பது மென்பொருளின் ஊகம். தவறாக ஒட்டினாலும் சில நூறு மீட்டரில் திருத்திக்கொள்கிறதா என்று பார்த்தால் போதும். சுரங்கப்பாதையில் சிக்னலே கிடையாது. கடைசி வேகத்திலேயே போவதாக வைத்துக்கொண்டு குறியை நகர்த்தும். காரோடு சேர்ந்து வரும் வழிகாட்டிக்குச் சக்கரச் சுழற்சி தெரியும், அதனால் உள்ளேயும் சரியாகச் சொல்லும். தனிக் கருவிக்கு அந்த வசதி இல்லை. சுரங்கத்துக்குள் பிரியும் வழி இருந்தால் உள்ளே போகுமுன்பே திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான்.

குற்றமே இல்லாத ஒன்றைப் பலர் குற்றமாகச் சொல்வதும் உண்டு: கருவி காட்டும் வேகம் கார் காட்டும் வேகத்தைவிடக் குறைவாக இருப்பது. ஐ.நா. வாகன விதி எண் 39-இன்படி ஸ்பீடோமீட்டர் உண்மை வேகத்தைவிடக் குறைத்துக் காட்டவே கூடாது. அதில் பத்தில் ஒரு பங்கு கூட்டி, மேலும் 4 கி.மீ. வரை அதிகமாகக் காட்டலாம். அதனால் தயாரிப்பாளர்கள் சற்றுக் கூட்டியே வைக்கிறார்கள். நேரான சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது ஜி.பி.எஸ். வேகமே உண்மைக்கு நெருக்கம். திடீரென்று பிரேக் போடும்போது மட்டும் ஒரு வினாடி பின்தங்கும்.

திரை, மின்சாரம், பொருத்தும் இடம்

கடையின் நிழலில் எல்லாத் திரையும் பளிச்சென்றுதான் இருக்கும். நடுப்பகலில், சூரியன் பக்கவாட்டில் இருக்கும்போது, நீங்கள் உட்காரும் இடத்திலிருந்து அடுத்த திருப்பத்தின் தூரம் ஒரே பார்வையில் படிக்க முடிகிறதா என்று பாருங்கள். 5 அங்குலம் சிறிய காருக்குப் போதும். 7 அங்குலம் படிக்க வசதி, ஆனால் சாலையை மறைக்கும். இரவு நிறம் தானாக மாறுகிறதா என்பதையும் கவனியுங்கள். அழுத்தினால்தான் உணரும் பழைய வகைத் தொடுதிரையைவிட, போனில் இருப்பதுபோல் தொட்டாலே உணரும் வகை வேகமாக இயங்கும்.

பேட்டரி பெரும்பாலும் ஒரு மணி நேரம் தாங்கும், அதற்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. காரின் 12 வோல்ட் இணைப்பிலேயே ஓடும் பொருள் இது. லித்தியம் பேட்டரிக்கு எதிரி வெயில். மூடிய காரின் டாஷ்போர்டில் கிடந்தால் பேட்டரி உப்பும். கருவி சூடாக இருக்கும்போது சார்ஜ் ஏறவில்லை என்றால் அது பாதுகாப்பு ஏற்பாடு. ஆறிய பிறகு ஏறும். நிறுத்தும்போது கையோடு எடுத்துப் போவது திருட்டுக்கும் நல்லது, பேட்டரிக்கும் நல்லது.

ரப்பர் கப் கண்ணாடியிலிருந்து விழுந்துகொண்டே இருந்தால், கண்ணாடியையும் கப்பையும் சோப்பு நீரில் துடைத்து முற்றிலும் காயவிட்டு ஒட்டுங்கள். கண்ணாடியில் படிந்த எண்ணெய்ப் பசைதான் வழக்கமான காரணம். ஏர்பேக் விரியும் பாதையிலோ ஓட்டுநரின் பார்வைக்கு நடுவிலோ பொருத்தக் கூடாது. முன்கண்ணாடியில் எதையும் ஒட்டத் தடையுள்ள இடங்களில் டாஷ்போர்டில் வைக்கும் எடையுள்ள தாங்கி வாங்க வேண்டும். வேகக் கேமரா எச்சரிக்கையும் அப்படித்தான்: ஜெர்மனி, பிரான்ஸ், சுவிட்சர்லாந்து போன்ற நாடுகளில் ஓட்டுநர் அதைப் பயன்படுத்தச் சட்டத் தடை இருக்கிறது. அணைக்கும் பொத்தான் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள்.

பழைய கருவி வாங்குகிறவர்கள் தேதியைப் பார்க்க வேண்டும். ஜி.பி.எஸ். சிக்னல் தேதியை வார எண்ணாகச் சொல்கிறது. அந்த எண்ணுக்கு 10 பிட் மட்டுமே, அதாவது 0 முதல் 1,023 வரை எண்ணும் இடம் மட்டுமே, இருப்பதால் 1,024 வாரத்துக்கு ஒருமுறை அது பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாக 2019 ஏப்ரலில் அப்படித் திரும்பியது. அடுத்தது 2038 நவம்பரில். 2019-க்குப் பிறகு மென்பொருள் புதுப்பிக்காத சில பழைய கருவிகள் கிட்டத்தட்ட இருபது ஆண்டு முந்தைய தேதியைக் காட்டும். இடம் சரியாகவே வந்தாலும், தேதியை நம்பும் மற்ற வேலைகள் தடுமாறும். தயாரிப்பாளரின் தளத்தில் அந்த மாடலுக்கு இன்னும் மேப் வருகிறதா என்று மாடல் எண்ணை வைத்துப் பார்த்துவிட்டு விலை பேசுங்கள். வராது என்றால், இலவசமாகக் கொடுத்தாலும் யோசிக்க வேண்டிய பொருள். வாங்கிய கையோடு முந்தைய உரிமையாளரின் வீட்டு முகவரி, பயண வரலாறு எல்லாவற்றையும் அழித்துத் தொழிற்சாலை நிலைக்குக் கொண்டுவாருங்கள். "வீடு" என்ற பொத்தானில் உங்கள் கதவு எண்ணைப் போடாமல் தெருமுனையைப் போடுங்கள். கருவி களவு போனாலும் உங்கள் வீட்டுக்கு அது வழி காட்டாது.